விடுபட்டவர்கள் தவறாமல் வரவும்

மாணவர் தலைவர் தேர்தலை நடத்தும் பொறுப்பு உங்களில் யாருக்காவது வந்தால், அறிவிப்பை எழுதி முடித்ததும் பள்ளிக்கூடத்துக்குச் சம்பந்தமே இல்லாத ஒருவரிடம் அதைப் படித்துக் காட்டுங்கள். பால்காரராக இருந்தாலும் சரி, பக்கத்து வீட்டுக்காரராக இருந்தாலும் சரி. இதிலிருந்து உங்களுக்கு என்ன தெரிகிறது என்று அவரைக் கேளுங்கள். நான் கேட்கவில்லை. அதன் பலனை ஒரு திங்கட்கிழமை காலையில் அனுபவித்தேன்.

சரித்திர வாத்தியாராக முப்பது வருஷத்துக்கு மேல் இருந்தவன் நான். பாடம் நடத்துவதைப் பற்றி, புதிதாக வேலைக்கு வந்திருக்கும் உங்களுக்குச் சொல்ல என்னிடம் பெரிதாக ஒன்றும் கிடையாது. அது நடத்த நடத்த வந்துவிடும். கரும்பலகையை விட்டு வெளியே வந்து நிற்கும்போது வருகிற சங்கடங்களைத்தான் எந்தப் பயிற்சிக் கல்லூரியிலும் சொல்லித் தருவதில்லை.

அது முதல் பொதுத்தேர்தல் நடந்த வருஷம். ராமநாதபுரம் ஊர் முடிந்து பனைகள் தொடங்குகிற இடத்தில் எங்கள் ஹைஸ்கூல் இருந்தது. ஓடு வேய்ந்த நீளக் கட்டடம், முன்னால் ஒரு வாகை மரம், பின்பக்கம் நாலைந்து தெருக்கள். அந்தத் தெருக்களில் இருந்த பெண்கள் ஓலைப்பெட்டி முடைவார்கள், மிளகாய்க் காட்டுக்குக் கூலி வேலைக்குப் போவார்கள். எங்கள் பையன்கள் நாலா திசையிலிருந்தும் வந்தார்கள். கடற்கரை ஊர்களின் வியாபாரக் குடும்பத்துப் பிள்ளைகளும், கடலாடி, முதுகுளத்தூர் பக்கத்து விவசாயிகளின் பிள்ளைகளும் ஒரே பெஞ்சில் உட்கார்ந்து ஒருவர் சாப்பாட்டை ஒருவர் சாப்பிடுவார்கள். சண்டை போட வேண்டும் என்றாலும் அவர்களுக்குள்தான்.

எங்கள் தலைமையாசிரியர் அந்தத் தேர்தலில் முதுகுளத்தூருக்கு அந்தப் பக்கம் ஒரு கிராமத்தில் வாக்குச்சாவடி அதிகாரியாகப் போயிருந்தார். போய்விட்டு வந்தவர் வேறு ஆளாகத் திரும்பினார். அதற்கு முன் ஆசிரியர் அறையில் சர்க்குலர் பற்றி மட்டும்தான் பேசுவார். அதன்பின், பெட்டிக்கு எப்படி முத்திரை வைத்தார், வேட்டியில் சின்னம் வரைந்துகொண்டு வந்த ஏஜெண்டை எப்படி வெளியே அனுப்பினார் என்பதைத் தவிர வேறு பேச்சே இல்லை. ஆறு மாதம் கேட்டோம். ஜூன் மாதம் பள்ளி திறந்ததும் என்னைக் கூப்பிட்டு அனுப்பினார்.

போன வருஷம் வரை மாணவர் தலைவரை வகுப்பில் கை தூக்கச் சொல்லித்தான் தேர்ந்தெடுத்தோம். இந்த வருஷம் அது கிடையாது என்றார். சர்க்கார் எப்படி நடத்தியதோ அப்படியே நடக்க வேண்டும். ஒவ்வொரு வேட்பாளருக்கும் தனிப் பெட்டி, பெட்டியின் மேல் சின்னம், மறைவான இடம், விரலில் மை. ஜில்லா கல்வி அதிகாரியையும் பார்வையிட அழைத்திருப்பதாகக் கடைசியில் சொன்னார். நான்தான் தேர்தல் அதிகாரி.

எனக்கும் உற்சாகம் தொற்றிக்கொண்டது. மண்ணெண்ணெய் டின்களைக் கழுவி மேலே வாய் வெட்டினோம். ரசாயன வாத்தியார் சில்வர் நைட்ரேட்டில் மை காய்ச்சினார். அதைச் சோதித்துப் பார்க்கிறேன் என்று தலைமையாசிரியர் விரலை நீட்ட, மை சட்டைக் கையிலும் வடிந்து, அந்தக் கறுப்புக் கையோடு அவர் ஒரு மாதம் நடமாடினார். போட்டி இரண்டு பேருக்குள். கடற்கரையிலிருந்து வந்த காதர், கடலாடிப் பக்கத்துச் சண்முகம். இரண்டு பேரும் ஆறாம் பாரம், பள்ளியின் கடைசி வகுப்பு. காதருக்குத் தோணி, சண்முகத்துக்கு மிளகாய் என்று சின்னம் ஒதுக்கினேன். டிராயிங் வாத்தியார் இரண்டையும் ஒரே வளைவில் வரைந்து வைத்துவிட்டார். தூரத்திலிருந்து பார்த்தால் எது மிதக்கும், எது உறைக்கும் என்று சொல்ல முடியாது. பிறகு தோணிக்கு ஒரு பாயும் மிளகாய்க்கு ஒரு காம்பும் சேர்த்துச் சமாளித்தார்.

ஒரு சிக்கல்தான் பாக்கி இருந்தது. பள்ளி திறந்து இரண்டு வாரம் ஆகியும் பாதிப் பையன்கள் வந்து சேரவில்லை. லீவில் வீட்டுக்குப் போனவர்களுக்கு யாராவது சொல்லி அனுப்பினால்தான் ஞாபகம் வரும். காலி வகுப்பைக் காட்டியா ஜில்லா அதிகாரியை வரவேற்பது? தண்டோரா போட்டுவிடலாம், கேட்டவர்கள் ஊர்களுக்குச் சொல்லி அனுப்பிவிடுவார்கள் என்றார் தலைமையாசிரியர். வாசகத்தை நான் எழுதினேன். தேர்தல் நேரத்துச் சர்க்கார் அறிவிப்பைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு அதே தோரணையில் எழுதினேன்: “வருகிற திங்கட்கிழமை காலை பத்து மணிக்கு ஹைஸ்கூலில் ஓட்டுப் பதிவு நடைபெறும். இதுவரை பெயர் பதியாதவர்கள் அன்றே பதிந்துகொண்டு ஓட்டுப் போடலாம். விடுபட்டவர்கள் தவறாமல் வரவும்.”

இதில் ‘மாணவர்’ என்ற சொல் எங்கேயும் இல்லை. பள்ளிக்கூடத்து அறிவிப்பில் வேறு யாரைச் சொல்லப் போகிறோம் என்ற நினைப்பில் அது எனக்குத் தோன்றவே இல்லை. தண்டோராக்காரரும் ஒரு எழுத்துக் கூட்டாமல் குறைக்காமல் சுற்றுப்புறத்துத் தெருக்கள் எல்லாவற்றிலும் ஞாயிற்றுக்கிழமை முழுவதும் சொல்லிக்கொண்டே போனார்.

திங்கட்கிழமை ஒன்பதரை மணிக்கு நான் வாசலுக்கு வந்தபோது வாகை மரத்தடியில் முப்பது பெண்களுக்குக் குறையாமல் நின்றுகொண்டிருந்தார்கள். தலைக்கு எண்ணெய் வைத்துப் படிய வாரி, இருந்ததில் நல்ல சேலையாகக் கட்டிக்கொண்டு வந்திருந்தார்கள். ஆனி மாதக் காற்று மண்ணை வாரி இறைத்தபோது அந்தச் சேலைகளை இழுத்துப் பிடித்தபடி வரிசை கலையாமல் நின்றார்கள். முதல் ஆளாக நின்றவர் செல்லாயி. எங்கள் பள்ளித் தண்ணீர்ப் பானைகளை நிரப்புகிறவர் என்பதால் எனக்கு முகம் தெரியும். அன்று குடம் இல்லாமல் வந்திருந்தார்.

எந்த வரிசையில் நிற்க வேண்டும் என்று கேட்டார். எதற்கு என்றேன். “ஓட்டுப் போடத்தான்யா. போன தடவ பேரு இல்லைன்னு இங்கனருந்துதான் திருப்பி அனுப்புனாக. விடுபட்டவுக வரச் சொல்லித் தண்டோராப் போட்டீகள்ல” என்றார்.

சர்க்கார் தேர்தலில் எங்கள் பள்ளிக்கூடம்தான் அந்தத் தெருக்களுக்கு வாக்குச்சாவடி. கொஞ்சம் இருங்கள் என்று சொல்லிவிட்டுத் தலைமையாசிரியர் அறைக்கு ஓடினேன். அவர் ஜன்னல் வழியாகப் பார்த்தார். பிறகு ஜன்னலைச் சாத்தினார். ஜில்லா அதிகாரி வர ஒன்றரை மணி நேரம்கூட இல்லை. அவர் யோசித்த வேகத்தை இப்போது நினைத்தாலும் வியப்பாக இருக்கிறது.

“ஆளுக்கொரு சீட்டைக் கொடும்” என்றார். “கடைசி அறையில் காலி டின் ஒன்று வைத்து, அதில் போடச் சொல்லும். விரலில் மை வைத்து அனுப்பிவிடும். சந்தோஷமாகப் போய்விடுவார்கள். யாருக்கு என்ன நஷ்டம்?”

தம்பிகளே, தங்கைகளே, அந்த யோசனை எனக்கு அபாரமாகப் பட்டது என்பதை மறைக்காமல் சொல்கிறேன். யாருக்கும் மனவருத்தம் இல்லை, அதிகாரி வருவதற்குள் இடம் காலியாகிவிடும், என் தவறும் வெளியே வராது. ஒரு கட்டுச் சீட்டை எடுத்துக்கொண்டு ஏறக்குறைய துள்ளிக்கொண்டே மரத்தடிக்குப் போனேன். ஆளுக்கு ஒன்று தருகிறேன், வரிசையாக வாருங்கள் என்றேன்.

செல்லாயி முதல் சீட்டை வாங்கினார். முந்தானையில் கையைத் துடைத்துவிட்டுத்தான் வாங்கினார். இரண்டு பக்கமும் திருப்பிப் பார்த்தார். பள்ளி முத்திரை நீல மையில் தெரிந்தது.

“இது எங்கிட்டுப் போகும்யா? மெட்ராசுக்கா, டில்லிக்கா?” என்று கேட்டார்.

சந்தேகப்பட்டுக் கேட்கவில்லை. தெரிந்துகொள்ளத்தான் கேட்டார். தயாராக ஒரு பொய் நாக்கின் நுனி வரை வந்துவிட்டது. மெட்ராசுக்கு என்று சொல்ல ஒரு வினாடி போதும். அவர் கையில் அந்தச் சீட்டு இருந்த விதத்தைப் பார்த்தேன். கசங்கிவிடாமல் இரண்டு விரலால் ஓரத்தைப் பிடித்திருந்தார். என்னால் சொல்ல முடியவில்லை.

“எங்கயும் போகாதும்மா. இது பிள்ளைகள் தங்களுக்குள்ள லீடர் போடுறதுக்கு வச்ச எலெக்சன். தண்டோராவுக்கு எழுதிக் கொடுத்தது நான்தான். தப்பா எழுதிட்டேன்” என்றேன்.

வரிசையின் பின்னால் ஒரு சின்னப் பெண் சிரித்துவிட்டாள். யாரோ ஒருவர் ஒரு நாள் கூலியை விட்டு வந்தோமே என்றார். செல்லாயி சிரிக்கவும் இல்லை, கோபப்படவும் இல்லை. சீட்டை என்னிடம் திருப்பிக் கொடுத்துவிட்டு என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

“முன்னால வீட்டுக்கு வீடு வந்து பேரு எழுதிக்கிட்டுப் போனதும் நீகதான?” என்றார்.

நான்தான். வேலையில் சேர்ந்த புதிதில், வாக்காளர் பட்டியலுக்குக் கணக்கெடுக்கும் பணியை எங்கள் தலையில் கட்டினார்கள். பின்பக்கத் தெருக்கள் எனக்கு. ஆண்கள் வெளியே நின்று தங்கள் பெயரைச் சொன்னார்கள். வீட்டில் வேறு யார் என்று கேட்டால் ‘பெஞ்சாதி’, ‘ஆத்தா’ என்றார்கள். பெயர் கேட்டால் அவர்களுக்கும் கூச்சம், எனக்கும் கூச்சம். வெயில் வேறு. கருப்பையா மனைவி, மூக்கன் தாய் என்று வரிசையாக எழுதிக்கொண்டு போனேன். அப்படி எழுதிய பெயர்களையெல்லாம் பெயர் இல்லை என்று மேலிடத்தில் அடித்து நீக்கிவிட்டார்கள் என்பதே எனக்குத் தேர்தல் முடிந்த பிறகுதான் தெரியும். தெரிந்தும், அது ஏதோ தாலுகா ஆபீசில் நடந்த தவறு என்பது போலவே இருந்துவிட்டேன். கருப்பையா மனைவிதான் செல்லாயி.

ஆமாம் என்றேன்.

“அப்ப இன்னைக்கிச் சரியா எழுதுங்க. பதிஞ்சுக்கிடலாம்னும் சேத்துத்தான தண்டோராப் போட்டீக?”

பதிகிற அதிகாரம் எனக்கு இல்லை, எழுதித் தாலுகா ஆபீசுக்குக் கொண்டுபோகத்தான் முடியும், அவர்கள் ஏற்பார்களா என்று தெரியாது என்று ஒவ்வொன்றாகச் சொன்னேன். அவர் பொறுமையாகக் கேட்டுக்கொண்டார். நீங்கள் எழுதுங்கள், மற்றதைப் பிறகு பார்க்கலாம் என்று சொல்லிவிட்டு மரத்தடியில் உட்கார்ந்தார். மற்ற எல்லோரும் உட்கார்ந்துவிட்டார்கள்.

மேஜையை வெளியே எடுத்து வந்தது சண்முகம். கையெழுத்து நன்றாக இருக்கும் என்பதால் எழுத உட்கார்ந்தது காதர். ஓட்டுப் பதிவையும் நிறுத்தவில்லை. உள்ளே தமிழ் வாத்தியார் பார்த்துக்கொண்டார். வேட்பாளர்கள் இருவரும் வெளியே என்னோடு மாட்டிக்கொண்டார்கள். தங்கள் பெயரைச் சொல்வதில் அந்தப் பெண்களுக்கு அவ்வளவு தயக்கம் இல்லை. ஒரு அம்மாளுக்கு மட்டும், சின்னவள் என்றே எல்லோரும் கூப்பிட்டதில் சொந்தப் பெயர் நினைவு வரவில்லை. அவருடைய அக்காள் முத்தாயி என்றார். அது நம் செத்துப்போன தங்கச்சி பெயர் என்று இவர் மறுத்தார். கால் மணி நேரம் விவாதித்து ராக்காயி என்று முடிவுக்கு வந்தார்கள். இன்னொரு வீட்டில் மாமியாரும் மருமகளும் சேர்ந்தே வந்திருந்தார்கள். மாமியார் தன் பெயர் மீனாட்சி என்று சொன்னதும் மருமகள் அவரைத் திரும்பிப் பார்த்தாள். பதினெட்டு வருஷமாக ஒரே அடுப்பில் சமைக்கிறேன், இன்றைக்குத்தான் தெரியும் என்றாள்.

புருஷன் பெயர்தான் வண்டியை நிறுத்தியது. அதற்கும் ஒரு கட்டம் இருந்தது, நிரப்பியாக வேண்டும். அதை வாயால் சொல்ல யாரும் தயாராக இல்லை. எல்லோரும் ஜாடையில் இறங்கினார்கள்.

“மலையில கோவணத்தோட நிப்பாருல்ல, அவரு பேரு” என்றார் ஒருவர்.

சண்முகம் யோசிப்பதற்குள் காதர் “பழனியாண்டி” என்று எழுதிவிட்டான். அடுத்தவர் யானைத் தலை என்றார். காதர் பிள்ளையார் என்றான், அவர் இல்லை என்றதும் கணபதி என்றான். கடற்கரையோரம் சூரனைக் கொன்றவர் என்று அடுத்தவர் தொடங்கிய உடனே செந்தில் என்றான். சண்முகத்துக்கு முகம் சுண்டிவிட்டது. எங்கள் சாமிகளை இவன் எங்கே படித்தான் என்று என்னிடமே கேட்டான். வருஷா வருஷம் உங்கள் ஊர்த் திருவிழாவில் முன்வரிசையில் உட்கார்ந்து நாடகம் பார்க்கிறேன், நீதான் பாதியில் தூங்கிவிடுகிறாய் என்றான் காதர். பெண்கள் எல்லோரும் சிரித்தார்கள். அந்த இடத்திலேயே ஓட்டெடுத்திருந்தால் முப்பதும் தோணிக்குத்தான் விழுந்திருக்கும்.

இந்தச் சிரிப்புக்கு நடுவில்தான் ஜில்லா கல்வி அதிகாரியின் ஜீப் வந்து நின்றது. தலைமையாசிரியர் மாலையோடு ஓடி வந்தார். அதிகாரி உயரமானவர், சிரித்து யாரும் பார்த்ததில்லை என்று பெயர். மாலையை வாங்கிக்கொண்டே மரத்தடியைப் பார்த்தார். இது என்ன என்றார்.

“முதியோர் கல்வி, சார்” என்றார் தலைமையாசிரியர். கண்ணை இமைக்காமல் சொன்னார்.

அதிகாரிக்கு அதில் ஆர்வம் வந்துவிட்டது. நேரே செல்லாயிடம் போய், இதுவரை என்ன படித்தீர்கள் அம்மா என்று கேட்டார். படிக்க வரவில்லை, ஓட்டுப் போட வந்தோம், இல்லை என்று சொல்லிவிட்டார்கள், அதனால் பெயர் எழுதிக்கொண்டிருக்கிறோம் என்று செல்லாயி இருப்பதை இருந்தபடியே சொன்னார். அதிகாரி மெல்லத் திரும்பித் தலைமையாசிரியரைப் பார்த்தார். தலைமையாசிரியர் என்னைப் பார்த்தார். நான் பார்ப்பதற்கு எனக்குப் பின்னால் யாரும் இல்லை.

ஒரே நாளில் இரண்டாவது தடவை உண்மையைச் சொல்வது முதல் தடவையை விடச் சுலபம் என்று அன்றுதான் கண்டுகொண்டேன். தண்டோராவில் எழுதியதைச் சொன்னேன். அதற்கு முன்னால் கணக்கெடுப்பில் எழுதியதையும் சொன்னேன். வேலை போய்விடும் என்றுதான் நினைத்தேன். அதிகாரி காதரிடமிருந்து நோட்டை வாங்கி இரண்டு பக்கம் படித்தார். திருப்பிக் கொடுத்துவிட்டு வாக்குச்சாவடிக்குள் போனார். இரண்டு டின்களையும் குனிந்து பார்த்துவிட்டு, இதில் எது தோணி என்று கேட்டார். போகும்போது பார்வையாளர் புத்தகத்தில் எழுதிவிட்டுப் போனார். அது எனக்கு அப்படியே ஞாபகம் இருக்கிறது: “தேர்தல் ஒழுங்காக நடந்தது. சித்திர வகுப்பில் கவனம் தேவை. தண்டோரா இனி வேண்டாம்.”

சண்முகம் ஒன்பது ஓட்டில் ஜெயித்தான். முதல் பாரத்துச் சிறுவர்கள் பலர் மிளகாயைத் தோணி என்று நினைத்துப் போட்டுவிட்டார்கள் என்று காதர் கடைசி வரை வாதாடினான். எனக்கும் அதில் சந்தேகம் உண்டு. அந்தப் பெண்களின் பட்டியலோடு நான் தாலுகா ஆபீசுக்குப் பல சனிக்கிழமைகள் நடந்தேன். ஒவ்வொரு பெயருக்கும் தனிப் படிவம் என்றார்கள். நானும் அந்த இரண்டு பையன்களும் உட்கார்ந்து எழுதினோம். அடுத்த பட்டியலில் எல்லாப் பெயரும் ஏறியது. அதற்கப்புறம் எந்தக் கணக்கெடுப்புக்குப் போனாலும் நான் வாசலில் நின்று பெண்களின் பெயரை இரண்டாவது தடவையும் கேட்டுவிடுவேன். கூச்சமாகத்தான் இருக்கும். கேட்டுவிடுங்கள்.

ஆனால் அன்று சாயங்காலம் நடந்த ஒன்றைச் சொல்லாமல் விட்டால் இது முழுமையாகாது.

பள்ளி விட்டு எல்லோரும் போன பிறகு நான் ஆசிரியர் அறையில் அந்த நோட்டைச் சரிபார்த்துக்கொண்டிருந்தேன். தலைமையாசிரியர் வந்தார். காலையில் நடந்ததற்குத் திட்டப் போகிறார் என்று எழுந்து நின்றேன். அவர் உட்கார்ந்தார். எத்தனை பெயர் என்று கேட்டார். முப்பத்தொன்று என்றேன். கடைசியில் இடம் இருக்கிறதா என்று கேட்டு நோட்டைத் தன் பக்கம் திருப்பிக்கொண்டார். மேலொப்பம் போடப் போகிறார் என்று நினைத்தேன். பேனாவைத் திறந்து முப்பத்திரண்டு என்று எண் போட்டார். கொஞ்ச நேரம் பேனா அப்படியே நின்றது. பிறகு கோமதி அம்மாள் என்று எழுதினார். கணவர் பெயர் என்ற கட்டத்தில் தன் பெயரை எழுதினார்.

எனக்கு அப்போதுதான் உறைத்தது. ஆசிரியர்கள் குடியிருந்த தெருவும் அந்தக் கணக்கெடுப்பில் என் பொறுப்பில்தான் வந்தது. சேர்ந்து மூன்று மாதம்கூட ஆகாதவன், தலைமையாசிரியரிடம் போய் உங்கள் மனைவியின் பெயர் என்ன என்று கேட்பதா? நானாகவே ‘தலைமையாசிரியர் மனைவி’ என்று எழுதிக்கொண்டு வந்துவிட்டேன். அவர் முதுகுளத்தூர்ப் பக்கம் உட்கார்ந்து ஊரார் விரலுக்கெல்லாம் மை வைத்துக்கொண்டிருந்த நாளில், அந்த அம்மாள் எங்கள் பள்ளிக்கூட வாசலில் வரிசையில் நின்று திரும்பிப் போயிருக்கிறார். ஆறு மாதம் தேர்தலைத் தவிர வேறு எதுவும் பேசாத மனிதர், இந்த ஒன்றை மட்டும் அன்று வரை யாரிடமும் சொன்னதில்லை.

“சார், அன்றைக்கு நான் கேட்டிருக்க வேண்டும்” என்றேன்.

“கேட்டிருந்தாலும் நான் ‘வீட்டில்’ என்றுதான் சொல்லியிருப்பேன்” என்றார் அவர்.

மையை ஊதிக் காயவைத்தார். அந்தப் பெயரைத் தன் கையெழுத்தில் அன்றுதான் முதல் தடவையாகப் பார்க்கிறார் போலிருந்தது. இரண்டு தடவை படித்துவிட்டு நோட்டை என் பக்கம் தள்ளினார்.